காரட் குறைந்த நகையை வாங்கலாமா? ஒரு நகை மதிப்பீட்டாளரின் பதில்கள்

அடகுக்கு வரும் நகைகளை வங்கிகளுக்காக உரைத்துப் பார்த்து மதிப்பிடுவதே இருபத்தேழு ஆண்டுகளாக என் தொழில். 18, 14, 9 காரட் நகைகளைப் பற்றி என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

மகளுக்கு 20 பவுன் சேர்க்க நினைத்தோம். விலை ஏறிவிட்டதால், பாதியை 18 காரட்டில் வாங்கினால் குறைந்த செலவில் அதே 20 பவுனைப் போடலாம் என்று கடையில் சொல்கிறார்கள். ஏற்கலாமா?

எடை 20 பவுனாக இருக்கலாம், தங்கம் 20 பவுனாக இருக்காது. 22 காரட்டில் நூறு பங்குக்கு 91.6 பங்கு தங்கம் இருக்கிறது; 18 காரட்டில் 75 பங்குதான். அந்தக் கணக்கில், 18 காரட்டில் வாங்கும் 10 பவுன் என்பது 22 காரட்டில் 8 பவுனும் சொச்சமும் ஆகும். அது குற்றமில்லை, விலையும் அதற்கேற்பக் குறைந்திருக்க வேண்டும், அவ்வளவே. ஆனால் சம்பந்தி வீட்டாரிடம் வெறுமனே ‘20 பவுன்’ என்று சொல்லிவிட்டு, பின்னாளில் அடகுக்கோ மாற்றுக்கோ போகும்போது பாதி 18 காரட் என்று தெரியவந்தால், அந்த மனத்தாங்கலைச் சுமக்கப் போகிறவள் உங்கள் மகள். பேசும்போதே காரட்டையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். என்னைக் கேட்டால், 18 காரட்டில் எடையைக் கூட்டிக் காட்டுவதைவிட 22 காரட்டில் பவுனைக் குறைத்துக்கொள்வதே நல்லது.

விலை நியாயமாகக் குறைத்திருக்கிறார்களா என்பதை நாங்கள் எப்படிக் கண்டுபிடிப்பது?

அன்றைய 22 காரட் கிராம் விலையை 22-ஆல் வகுத்து, வாங்கப்போகும் காரட்டால் பெருக்குங்கள். கணக்குக்காக 22 காரட் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 18 காரட் ஏறத்தாழ 8,182, 14 காரட் 6,364, 9 காரட் 4,091 ரூபாய் வரும். கடை விலை இதைவிட நன்றாகக் கூடுதலாக இருந்தால், காரணம் கேளுங்கள்.

ஆனால் கிராம் விலையோடு கணக்கு முடிந்துவிடுவதில்லை. பெரும்பாலோர் ஏமாறுவது சேதாரத்திலும் செய்கூலியிலும்தான். கல்லோ நுணுக்க வேலையோ வைத்து வருவதால், 18 காரட் நகைகளுக்குச் சேதாரம் பல கடைகளில் அதிகமாகவே இருக்கிறது. மேற்சொன்ன விலையில் ஒரு பவுன் சாதாரண 22 காரட் சங்கிலிக்கு 8 சதவீதம் சேதாரமும் 3 சதவீதம் ஜிஎஸ்டியும் போட்டால் 88,992 ரூபாய் ஆகும். மறுநாளே அதே விலைக்கு விற்றால் தங்கத்துக்கு 80,000 கிடைக்கும், சுமார் 9,000 போகும். அதே எடையில் 18 காரட் நகைக்கு 18 சதவீதம் சேதாரமும் அதே ஜிஎஸ்டியும் போட்டால் 79,554 ரூபாய் கொடுத்து வாங்கி, 65,455 ரூபாய்க்கு விற்க வேண்டியிருக்கும். 14,000 ரூபாய்க்கு மேல் போய்விடும். குறைந்த விலைக்கு வாங்கிய நகையில்தான் கூடுதலாக இழக்கிறோம்.

கல் எடையையும் கவனியுங்கள். ஓர் அம்மா கொண்டுவந்த கல் வளையலில் கற்களின் எடையும் தங்க விலையில் ரசீதாகியிருந்தது. அடகு வைக்க வந்த அன்றுதான் அவருக்கே அது தெரிந்தது. மொத்த எடை, கல் எடை, நிகரத் தங்க எடை மூன்றும் தனித்தனியே எழுதப்படாத ரசீதை வாங்காதீர்கள்.

18 காரட்தான் உறுதி என்கிறார்களே, விற்பதற்காகச் சொல்வதா?

உண்மையாகவே உறுதிதான். தங்கம் இயல்பிலேயே மென்மையான உலோகம்; செம்பும் வெள்ளியும் சேரச் சேரக் கெட்டிப்படும். நாள்தோறும் கழற்றி மாட்டும் 22 காரட் தோட்டை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தால், திருகாணியின் மரை மழுங்கி, திருகினால் நிற்காமல் வழுக்குவது தெரியும். வைர மோதிரத்தில் கல்லைப் பிடித்திருக்கும் மெல்லிய கம்பி முனைகள் 22 காரட்டில் மெல்ல நிமிர்ந்து, ஒருநாள் கல்லை விட்டுவிடும். அதனால்தான் வைர நகைகள் பெரும்பாலும் 18 காரட்டில் வருகின்றன. வைரம் பதிக்க 22 காரட்டை வற்புறுத்துகிறவர்களைப் பார்த்தால், கல்லை நினைத்து எனக்குக் கவலையாக இருக்கும்.

அதே அச்சில் வார்த்தாலும் எடை மாறும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். 22 காரட்டில் 10 கிராம் வரும் மோதிரம், 18 காரட்டில் சுமார் எட்டே முக்கால் கிராம்தான் வரும்.

லண்டனிலிருந்து அக்கா அனுப்பிய சங்கிலியில் 375 என்று இருக்கிறது. இங்கே உரைத்துப் பார்த்தவர், இது தங்கமே இல்லை என்கிறார்.

தங்கம்தான், 9 காரட். பிரிட்டனில் 1854 முதலே இந்தத் தரம் சட்டப்படி ஏற்கப்பட்டது. இன்றும் அங்கே மிகச் சாதாரணமாக விற்பது இதுவே. ஆயிரத்தில் 375 பங்கு தங்கம், மீதி வேறு உலோகங்கள். உரைகல்லில் இழுத்து, கோட்டின் மேல் ஒரு சொட்டு நைட்ரிக் அமிலம் வைத்தால், 22 காரட் கோடு அப்படியே கிடக்கும். 9 காரட் கோடு மங்கிக் கரைந்துவிடும். அதைப் பார்த்துத்தான் அவர் அப்படிச் சொல்லியிருப்பார். உங்கள் அக்கா ஏமாறவில்லை. நம் நாட்டிலும் 2025 ஜூலையில் 9 காரட், தரத்துக்குச் சான்றான ஹால்மார்க் முத்திரையின் வரம்புக்குள் வந்துவிட்டது.

9 காரட் தோடு போட்டதும் காது அரிக்கிறது, நிறமும் மங்குகிறது. போலியா?

போலி என்று அவசரப்பட வேண்டாம். வியர்வை, வாசனைத் திரவியம் பட்டால் கலந்திருக்கும் செம்பும் வெள்ளியும் மங்கும். கலவையில் நிக்கல் இருந்தால் சிலருக்கு அரிப்பு வரும். அரிக்கும் தோட்டைத் தொடர்ந்து போடாதீர்கள். குழந்தைக்குக் காது குத்த 22 காரட்டே நல்லது.

18 காரட் நகைக்கு அடகுக் கடன் கிடைக்குமா?

பொதுவாகக் கிடைக்கும், ஆனால் அதில் உள்ள தங்கத்துக்கு மட்டும். 18 காரட் நகை 10 கிராம் என்றால், 22 காரட் கணக்கில் 8.18 கிராமாகவே மதிப்பிடுவோம். கல்லுக்கு மதிப்பு கிடையாது. 18-க்குக் கீழே வாங்கவே மாட்டோம் என்னும் இடங்களும் உண்டு. ஆகவே அவசரத்துக்கு உதவும் என்று நினைத்து 14, 9 காரட் வாங்காதீர்கள்; ஆசைக்கும் அலுவலகத்துக்கும் போட்டுக்கொள்ள வாங்குங்கள், அதற்கு அவை மிகவும் ஏற்றவை.

ஹால்மார்க் இருந்தால் போதாதா?

ஹால்மார்க் எந்தக் காரட் என்று சொல்லும், எல்லாம் 22 என்று சொல்லாது. பிஐஎஸ் எனப்படும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் முக்கோணச் சின்னம், தர எண் (916, 750, 585, 375), எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறியீடு ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். அந்தக் குறியீட்டை பிஐஎஸ் கேர் செயலியில் இட்டு, வரும் விவரம் கையில் உள்ள நகையோடு ஒத்துப்போகிறதா என்று கடையிலேயே பாருங்கள். ‘கேடிஎம்’ என்பது முத்திரை அல்ல. காட்மியம் கலந்து பற்றவைத்த காலத்துப் பெயர்.

தாலிக்கொடியை 18 காரட்டில் செய்யலாமா? அறுந்துபோகாது என்கிறார்கள்.

தடை ஒன்றுமில்லை. ஆனாலும் பல குடும்பங்களில் நெருக்கடி வரும்போது கடைசியாகக் கழற்றப்படுவது அந்தக் கொடிதான். அந்த நேரத்தில் முழு மதிப்பும் கைக்கு வர வேண்டும். அதனால் 22 காரட்டிலேயே சற்றுக் கனமாகச் செய்யுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை கண்ணிகள் ஒன்றோடொன்று உரசும் உள்வளைவைப் பார்த்து, எங்கேனும் நூல்போல் மெலிந்திருந்தால், அறுவதற்கு முன்பே ஆசாரியிடம் கொடுத்துப் பற்றவைத்துக்கொள்ளுங்கள்.