துறைமுகம் – மதுரவாயல் மேம்பாலச் சாலை: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

சென்னைத் துறைமுகத்தையும் மதுரவாயலையும் இணைக்கும் மேம்பாலச் சாலையைப் பற்றி அண்மையில் பல கடிதங்கள் வந்திருப்பதால், இந்த இதழின் கேள்வி – பதில் பகுதி முழுவதையும் அந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: 2009-இல் ஒரு பிரதமர் அடிக்கல் நாட்டினார், 2022-இல் இன்னொரு பிரதமர் மறுபடியும் அடிக்கல் நாட்டினார். சுமார் இருபது கிலோமீட்டர் நீளமுள்ள சாலைக்கு ஏன் இத்தனை ஆண்டுகள்?
– இராயபுரம் வாசகர் ஒருவர்

பதில்: கட்டுமானம் கடினமாக இருந்ததால் வந்த தாமதம் அல்ல இது. 2009 ஜனவரியில் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டியபோது திட்டமதிப்பு சுமார் 1,655 கோடி ரூபாய். 2010-இல் வேலை தொடங்கி, கூவம் ஓரமாகத் தூண்கள் எழுந்துகொண்டிருந்தன. 2011-இல் மாநிலத்தில் ஆட்சி மாறிய பின்னர், ஒப்புதல் பெற்ற வரைபடத்துக்கு மாறாகத் தூண்கள் ஆற்றுக்குள்ளேயே நிறுத்தப்படுகின்றன, அவை வெள்ள நீரின் போக்கைத் தடுக்கும் என்று காரணம் கூறி, 2012 மார்ச்சில் மாநில அரசு வேலையை நிறுத்தியது. 2014 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்த பிறகும் வேலை நகரவில்லை. தீர்ப்பு தடையை நீக்கியதே தவிர, சாலைக்கு நிலமும் ஆற்றங்கரையும் அனுமதியும் தரவேண்டிய அரசுக்கும், சாலையைக் கட்டவேண்டிய தேசிய நெடுஞ்சாலைகள் ஆணையத்துக்கும் இடையே உடன்பாட்டை உண்டாக்கவில்லை. அந்த உடன்பாடு 2022 மே 16 அன்றுதான் எழுத்தில் வந்தது. மாநில அரசு, நெடுஞ்சாலைகள் ஆணையம், சென்னைத் துறைமுகம், இந்தியக் கடற்படை ஆகிய நான்கு தரப்பும் அதில் கையெழுத்திட்டன. பத்து நாள் கழித்து, மே 26 அன்று, நரேந்திர மோடி 5,850 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட மதிப்பில் புதிய திட்டத்துக்கு அடிக்கல் நாட்டினார்.

இரண்டு தொகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வித்தியாசம் முழுவதும் தாமதத்தின் விலை என்று சொல்வது நியாயமாகாது. முதல் திட்டம் ஒற்றை அடுக்குப் பாலம். இரண்டாவதில் பெரும்பகுதி ஈரடுக்கு. ஆனாலும் பழைய தூண்கள் பத்தாண்டுக்கும் மேலாக வெயிலிலும் மழையிலும் பயனின்றி நின்றதும், பின்னர் புதிய வடிவமைப்புக்குப் பொருந்தாமல் இடிக்கப்பட்டதும் பொதுப்பணத்துக்கு நேர்ந்த நேரடி இழப்புதான். ஆற்றுக்குள் தூண் வரலாமா என்ற கேள்வி நியாயமானது. அதை அடிக்கல்லுக்கு முன்பே கேட்டு முடித்திருக்க வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

கேள்வி: மழைக்காலத்தில் கூவம் பெருகும்போது இத்தனை தூண்களும் எங்கள் தெருக்களுக்குள் வெள்ளத்தைத் தள்ளிவிடாதா?
– அமைந்தகரை வாசகி

பதில்: உங்கள் அச்சத்தை யாரும் அலட்சியப்படுத்தக் கூடாது. ஆற்றின் குறுக்குவெட்டில் ஒவ்வொரு தூணும் சிறிது இடத்தை அடைத்துக்கொள்கிறது; அதனால் தூணுக்கு மேல்புறத்தில் நீர்மட்டம் ஓரளவு உயரும்; வெள்ளத்தில் அடித்துவரும் குப்பையும் ஆகாயத்தாமரையும் தூண்களில் சிக்கினால் அந்த உயர்வு கூடும். தூண்களைக் கரையோரமாக நிறுத்துவது, ஒன்றுக்கொன்று இடைவெளியைக் கூட்டுவது, நீரோட்டத்தின் திசையிலேயே அவற்றை வரிசைப்படுத்துவது ஆகியவற்றால் பாதிப்பைக் குறைக்கலாம்.

நிலையான தூண்களைவிட உடனடியாகக் கவனிக்க வேண்டியது கட்டுமானக் காலம். துளையிடும் இயந்திரங்கள் ஆற்றுக்குள் இறங்குவதற்காகக் கொட்டப்படும் மண் திட்டுகளும் தற்காலிகப் பாதைகளும், ஒரு தூண் அடைப்பதைவிடப் பல மடங்கு அகலத்தை அடைத்துவிடும். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்பு, ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பருக்குள் அவற்றை அகற்றியாக வேண்டும். நேப்பியர் பாலத்துக்கு அருகே முகத்துவாரத்தில் சேரும் மணலையும் அதே காலத்தில் தூர்வார வேண்டும். வாய் அடைபட்டிருந்தால் மேலே எவ்வளவு இடைவெளி விட்டாலும் பயனில்லை. உங்கள் பகுதிக் குடியிருப்போர் சங்கம் நீர்வளத் துறையிடம் எழுத்து மூலம் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள் இவைதாம்.

கேள்வி: இந்தச் சாலையில் கார்களும் இருசக்கர வாகனங்களும் செல்லலாமா?
– சிந்தாதிரிப்பேட்டை வாசகர்

பதில்: கீழ் அடுக்கு நகரப் போக்குவரத்துக்கானது, சிவானந்தா சாலைப் பக்கமிருந்து கோயம்பேடு வரை, இடையிடையே ஏறி இறங்கும் சரிவுப் பாதைகளுடன் அமைகிறது. மேல் அடுக்கு துறைமுகத்திலிருந்து மதுரவாயலுக்கு இடையில் நிற்காமல் செல்லும் சரக்கு வாகனங்களுக்கானது. மேல் அடுக்கை எக்காரணம் கொண்டும் பிற வாகனங்களுக்குத் திறந்துவிடக் கூடாது என்பது எங்கள் கருத்து.

கேள்வி: ஸ்ரீபெரும்புதூரில் சிறிய உதிரிபாக ஏற்றுமதி நிறுவனம் நடத்துகிறேன். என் கன்டெய்னர் கப்பலைப் பிடிக்கும் நாள் குறையுமா?
– ஸ்ரீபெரும்புதூர் வாசகர்

பதில்: குறையும், ஆனால் சாலை மட்டும் அதைச் செய்துவிடாது. சென்னைத் துறைமுகத்தின் அடிப்படைச் சிக்கல் அதன் இருப்பிடம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் திறந்த கடலில் சுவர் எழுப்பி உண்டாக்கிய செயற்கைத் துறைமுகம் அது; அதன் முதுகில் நகரம் நெருக்கமாக வளர்ந்துவிட்டது. 1983-இல் இந்தியாவின் முதல் தனிக் கன்டெய்னர் முனையம் இங்கே திறக்கப்பட்டபோது, பெட்டிகளை இறக்கும் வேகத்துக்கு ஏற்ப அவற்றை வெளியே கொண்டுபோகும் வழி அமையவில்லை. பகலில் நகருக்குள் கனரக வாகனங்களுக்குக் கட்டுப்பாடு இருப்பதால், டிரெய்லர்கள் வடக்கே எண்ணூர் விரைவுச் சாலை வழியாகச் சுற்றி வந்தன. அந்தச் சாலையை அகலப்படுத்தும் எண்ணூர் – மணலி சாலை மேம்பாட்டுத் திட்டமும் நெடுங்காலம் இழுத்தடிக்கப்பட்டது. துறைமுகத்தின் நுழைவாயிலான ஜீரோ கேட்டில் தொடங்கிய வரிசை காசிமேட்டையும் தாண்டித் திருவொற்றியூர் வரை நீண்டு, ஓட்டுநர்கள் நாள்கணக்கில் வண்டியிலேயே தூங்கிய காலத்தை வடசென்னை மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த ஆண்டுகளில்தான் காட்டுப்பள்ளியும் பின்னர் எண்ணூர் காமராஜர் துறைமுகமும் கன்டெய்னர்களை ஈர்க்கத் தொடங்கின.

அந்த வரிசைக்குச் சாலை மட்டும் காரணமாக இருந்ததில்லை. தொழிற்சாலையிலேயே சரக்கேற்றி முத்திரையிட்ட பெட்டிகள், சுங்க ஆவணமோ முனையத்தின் நுழைவுப் படிவமோ முழுமையாகாமல் கேட் வரை வந்து நின்றால், பின்னால் உள்ள எல்லா வண்டிகளும் நிற்கும். கேட்டில் வண்டிக்குப் பத்து நிமிடம் பிடிக்குமானால், அதற்கு முன்னால் எத்தனை வழித்தடப் பாலம் கட்டினாலும் வரிசை பாலத்தின் மேல் நிற்குமே தவிரக் குறையாது. பாலத்தின் மேல் நிற்கும் வரிசை தரையில் நிற்பதைவிட ஆபத்தானது. ஓட்டுநர் இறங்கித் தண்ணீர் குடிக்கவும் வழியிருக்காது. ஆகவே ஆவணச் சரிபார்ப்பு மதுரவாயலுக்கு மேற்கேயே முடிய வேண்டும். ஆவணம் முழுமையான வண்டிக்கு மட்டுமே மேல் அடுக்கில் அனுமதி என்ற முறை வேண்டும். மப்பேட்டில் திட்டமிட்டுள்ள பன்முகச் சரக்குப் பூங்காவை (சாலையிலும் இரயிலிலும் வரும் சரக்கைக் கையாளும் மையம்) இதற்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். நீங்கள் இப்போதே செய்யக்கூடியது, உங்கள் பெட்டி ஆலையை விட்டுக் கிளம்பும் முன்பே உங்கள் சுங்க முகவரிடம் ஆவணங்கள் அனைத்தும் ஏறிவிட்டனவா என்று உறுதிசெய்வது.

கேள்வி: கூவம் கரையிலிருந்த எங்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். சாலை வந்தால் எங்களுக்கு என்ன கிடைக்கும்?
– பெரும்பாக்கம் வாசகி

பதில்: அம்மா, உங்கள் கேள்விக்கு ஆறுதலான பதில் எங்களிடம் இல்லை. நகரின் நடுவில் ஆற்றங்கரை வழியாகச் சாலை செல்வது, தனியார் நிலத்தை அதிகம் கையகப்படுத்த வேண்டியதில்லை என்பதால்தான். அந்தக் கரையில் பட்டா இல்லாமல் வாழ்ந்த உங்களைப் போன்ற குடும்பங்களின் இழப்பு எந்தத் திட்டமதிப்பிலும் முழுமையாக ஏறவில்லை. கேரளத்திலும் இதுவே நடந்தது. கொச்சி வல்லார்பாடம் கன்டெய்னர் முனையத்துக்குக் களமச்சேரியிலிருந்து 17 கிலோமீட்டர் சாலையும் ஓர் இரயில் பாதையும் அமைப்பதற்காக 316 குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. 2008 பிப்ரவரியில் மூலம்பிள்ளியில் வீடுகள் இடிக்கப்பட்டன. முனையம் 2011-இல் திறக்கப்பட்டது. மறுவாழ்வுக்குத் தரப்பட்ட நிலங்களில் பல சதுப்பாக இருந்ததால், அந்தக் குடும்பங்கள் முனையம் திறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகும் போராடிக்கொண்டிருந்தன. ஆனால் அவர்கள் ஒன்றாக நின்றதால்தான் மறுவாழ்வுத் தொகுப்பு என்ற அரசாணையே அவர்களுக்குக் கிடைத்தது.

உங்கள் ஒதுக்கீட்டு ஆணை, பழைய முகவரிக்கான குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை ஆகியவற்றின் நகல்களைப் பத்திரமாக வைத்திருங்கள். கரையிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களின் பட்டியல், ஒதுக்கப்பட்ட வீடுகள், வாழ்வாதாரத்துக்காக அளிக்கப்பட்ட தொகை ஆகிய விவரங்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்திடமும் நெடுஞ்சாலைகள் ஆணையத்திடமும் தனித்தனியாகக் கேளுங்கள். பத்து ரூபாய்க் கட்டணத்துடன் மனு கொடுத்தால், முப்பது நாளுக்குள் அவர்கள் பதில் தந்தாக வேண்டும்.