மின்நூலகங்களில் 'அறிவார்ந்த தேடல்' என்கிறார்களே, அது என்ன?

நாம் தட்டும் எழுத்துகளை அப்படியே பொருத்திப் பார்ப்பதோடு நிற்காமல், அந்தச் சொல்லின் மற்ற வடிவங்களையும் அதே பொருளுள்ள வேறு சொற்களையும் சேர்த்துத் தேடுவதுதான் அறிவார்ந்த தேடல்.

தமிழுக்கு இது ரொம்பவே தேவை. 'கிணறு' என்று தேடுகிறீர்கள். 'கிணற்றில்', 'கிணற்றுக்கு' என்று மட்டும் எழுதியிருக்கும் பக்கங்கள் சாதாரணத் தேடலில் சிக்காது. உருபு சேர்ந்ததும் 'று' என்பது 'ற்று' ஆகிவிடுகிறது. கணினிக்கு அது வேறு எழுத்து வரிசை, அவ்வளவுதான். எத்தனை நல்ல நூல்கள் இப்படிக் கண்ணில் படாமலே போகின்றன! அறிவார்ந்த தேடல் உருபைக் கழற்றி அடிச்சொல்லைப் பிடிக்கும், அப்புறம் 'கேணி'யையும் சேர்த்துக்கொள்ளும்.

மளிகைக்கடை அண்ணாச்சியிடம் "தாளிக்க வேணும்" என்றால் கடுகு, உளுந்து இரண்டையும் எடுத்து வைப்பார் இல்லையா, அது மாதிரி.

நூலை ஸ்கேன் செய்து ஏற்றிவிட்டாலே உள்ளே தேடலாம் என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் முடியாது. அது வெறும் படம். எழுத்துணரி மென்பொருள் அதை எழுத்தாக்க வேண்டும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய 'லை', 'னை' வடிவங்களில் அது தடுமாறக்கூடும் என்பதால், மனிதக் கண்ணும் ஒருமுறை சரிபார்த்தாக வேண்டும்.