பில்லில் ‘ஓக்’ என்று இருந்தால் போதுமா?

கேள்வி: ஓஹையோவில் இருக்கிறோம். தோட்டத்தில் மழையிலும் வெயிலிலும் கிடக்க ஓக் பெஞ்ச் செய்யப்போகிறேன். ‘எல்லா ஓக்கும் ஒன்றுதான், பாலிஷ் அடித்தால் சரியாகிவிடும்’ என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?

நம்பாதீர்கள். அமெரிக்கக் கடைகளில் வெறும் ‘ஓக்’ என்றால் பெரும்பாலும் ரெட் ஓக். வீட்டுக்குள் அலமாரிக்கு அருமையான மரம். மழையில் போட்டால் சீக்கிரம் உளுத்துவிடும். உங்களுக்கு வேண்டியது வொயிட் ஓக். கெட்டித்தன்மையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான், சூட்சுமம் துளைகளில் இருக்கிறது. ரெட் ஓக்கின் துளைகள் உறிஞ்சுகுழல் மாதிரி திறந்து கிடக்கும். வொயிட் ஓக்கின் வைரப்பகுதியில், அதாவது உள்மரத்தில், மரமே அவற்றை அடைத்துவிடும். விஸ்கி பீப்பாய் ஒழுகாமல் நிற்பது அதனால்தான்.

நிறத்தைக் காட்டி ஏமாற்றுவார்கள், மயங்க வேண்டாம். கழிவில் ஒரு சின்னத் துண்டு கேளுங்கள். ஒரு முனையைத் தண்ணீரில் வைத்து மறுமுனையில் வாய் வைத்து ஊதுங்கள். குமிழி வந்தால் ரெட் ஓக். துண்டு தர மறுக்கிற கடையில் மரமே வாங்காதீர்கள்!

இதில் ஒரு சிக்கல். வியாபாரத்தில் வொயிட் ஓக் என்பது ஒரே மரமல்ல, ஒரு கூட்டம். அதில் செஸ்ட்நட் ஓக்கும் சேர்த்தி. அதன் துளைகள் சரியாக அடைபடாததால் அதிலும் குமிழி வரலாம். பீப்பாய்க்கு ஆகாது, பெஞ்சுக்கு ஆகும். ‘இது செஸ்ட்நட் ஓக் சார்’ என்று கடைக்காரர் சமாளித்தால், பலகையின் முகத்தில் ஓடும் கருங்கோடுகளைப் பாருங்கள். எல்லாமே குட்டையாக, அங்குலத்துக்குள் முடிந்தால் அது ரெட் ஓக்தான், அவர் கதை விடுகிறார்.

‘எஃப்.ஏ.எஸ். தரம்’ (அமெரிக்க மர வியாபாரத்தில் பலகைகளுக்குத் தரும் மேல்தரம்) என்ற சீட்டையும் காட்டுவார்கள். பலகையில் முடிச்சில்லாத பரப்பு எவ்வளவு என்பதுதான் அந்தத் தரத்தின் கணக்கு. மழை தாங்குமா என்பதற்கு அதில் இடமே இல்லை. இத்தனை வருடமாக இதே கூத்து! ஓரத்து வெளிறு, அதாவது பட்டையை ஒட்டிய வெளிர்நிற மரம், எந்த ஓக்கிலும் மக்கும், அதுவும் அந்தச் சீட்டில் குறையாக வராது. நீங்களே பார்த்து அறுத்துத் தள்ளுங்கள்.

அப்புறம், சாதாரண இரும்பு ஸ்குரூ வேண்டாம். கடுக்காய்ச் சாறு இரும்பில் பட்டால் கறுப்பது போல ஓக்கும் கறுக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடுங்கள். கால்களை மண்ணில் புதைக்காமல் கல்மேல் நிறுத்துங்கள்.