மலை விடுதியில் மாநாடு: வாசகர் கேள்வி பதில்

பல கணினிகளை வலையில் இணைத்து ஒரே வேலையைப் பங்கிட்டுச் செய்யவைக்கும் துறைக்குப் பரவல் கணிமை என்று பெயர். இத்துறையின் மாநாடுகள் பற்றி வந்த கேள்விகளில் நான்கை இந்த இதழில் எடுத்துக்கொள்கிறோம்.

கே: இந்த மாநாடுகளை ஏன் மலை விடுதிகளில் வைக்கிறார்கள்? பல்கலைக்கழக அரங்கு போதாதா? சுற்றுலாவுக்கு ஒரு சாக்கு என்றே தோன்றுகிறது. (வாசகர், திருச்சி)

ப: சந்தேகம் நியாயமானதுதான். ஆனால் பெருநகரத்தில் மாநாடு வைத்தால், மாலை அமர்வு முடிந்ததும் ஆளுக்கொரு திசையில் போய்விடுவார்கள். மலை விடுதியில் போக்கிடம் இல்லை. காலை இட்லி நேரத்திலிருந்து இரவுச் சாப்பாடு வரை அதே முகங்கள்தான். கட்டுரை எழுதியவரை மடக்கி, "அந்த மூன்றாவது படத்தில் எண் ஏன் சரிகிறது?" என்று கேட்க மூன்று நாள் கிடைக்கும்.

இதற்குப் பழைய சான்றே உண்டு. ஏசிஎம் என்ற கணினியியலாளர் சங்கம் இயங்குதளக் கோட்பாடுகளுக்காக நடத்தும் கருத்தரங்கு முதன்முதலில் 1967 அக்டோபரில் கூடியது. இடம் டென்னசி மாநிலத்தின் கேட்லின்பர்க். கிரேட் ஸ்மோக்கி மலைகளின் வாசலில் இருக்கும் சிற்றூர். அங்கே அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆர்ப்பா என்ற ஆய்வு அமைப்பைச் சேர்ந்த லாரி ராபர்ட்ஸ், அமெரிக்க ஆய்வுக்கூடங்களின் கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் திட்டத்தை, பின்னாளில் இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் ஆன திட்டத்தை, முன்வைத்தார். அதே கருத்தரங்கில் பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகத்திலிருந்து ரோஜர் ஸ்கேன்டில்பரி வந்திருந்தார். அந்த ஆய்வகத்தின் டொனால்ட் டேவிஸ் குழுவின் கட்டுரையை வாசித்தவர் அவர்தான். செய்தியைச் சிறு பாக்கெட்டுகளாக வெட்டு, வேகமான கம்பியில் அனுப்பு என்பது அக்குழுவின் வாதம். அமெரிக்காவின் ரேண்ட் ஆய்வு நிறுவனத்தில் பால் பேரன் 1964-லேயே இதைப் பற்றி எழுதிவைத்திருந்ததையும் ராபர்ட்ஸ் அங்கேதான் ஸ்கேன்டில்பரி மூலம் அறிந்தார். ராபர்ட்ஸ் மனத்தில் இருந்த கம்பியின் வேகம் நொடிக்கு 2,400 பிட். பிறகு கட்டப்பட்ட ஆர்ப்பாநெட்டில் அது 50,000 பிட் ஆயிற்று.

அந்த மாற்றத்தின் எடையைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். 8,192 பிட் நீளமுள்ள ஒரு செய்தி மூன்று கம்பிகளைக் கடந்து போகவேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் இருக்கும் ஒவ்வொரு கணினியும் வந்ததை முழுதாக வாங்கி, பிழை பார்த்து, அதன்பிறகே அடுத்த கம்பியில் ஏற்றும். 2,400 பிட் கம்பியில் முழுச் செய்தியையும் ஒரே துண்டாக அனுப்பினால், ஒரு கம்பிக்கு 3.4 நொடி வீதம் மூன்றுக்கும் 10.2 நொடி. அதையே 1,024 பிட் கொண்ட எட்டு பாக்கெட்டுகளாக வெட்டினால், முதல் பாக்கெட் இரண்டாவது கம்பியில் ஓடும்போதே இரண்டாவது பாக்கெட் முதல் கம்பியில் ஏறிவிடும். மொத்தம் பத்துப் பாக்கெட் நேரம்தான், அதாவது 4.3 நொடி. கம்பியை 50,000 பிட்டுக்கு உயர்த்தினால் 0.2 நொடி. பத்து நொடி காத்திருக்கவேண்டும் என்றால் திரைமுன் உட்கார்ந்து தொலைதூரக் கணினியோடு உரையாட எவருக்கும் பொறுமை இருக்காது. 0.2 நொடி என்றால் உரையாடலாம். 1969 டிசம்பருக்குள் ஆர்ப்பாநெட்டில் நான்கு மையங்கள் இணைந்துவிட்டன.

கே: 2009-இல் மலை விடுதியில் நடந்த மாநாட்டில், நோஞ்சான் கணினிகளைச் சேர்த்துப் பெரிய சர்வரைத் தோற்கடித்தார்களாமே? எப்படி முடிந்தது? (பொறியியல் மாணவி, கோவை)

ப: நீங்கள் சொல்வது ஃபான் என்ற கட்டுரை. கார்னகி மெலன் பல்கலைக்கழகக் குழு முன்னின்று செய்த வேலை. மேலே சொன்ன அதே கருத்தரங்குதான். 2009 அக்டோபரில் மொன்டானா மாநிலத்தின் பிக் ஸ்கை பனிச்சறுக்கு விடுதியில் கூடியது. சிறந்த கட்டுரை விருது பெற்றவற்றில் இதுவும் ஒன்று.

தோற்கடித்தது வேகத்தில் அல்ல, மின்சாரத்தில். 21 சிறு பலகைகள். ஒவ்வொன்றிலும் 500 மெகாஹெர்ட்ஸ் செயலி, 256 எம்பி நினைவகம், கேமராவில் போடுவது போன்ற 4 ஜிபி ஃபிளாஷ் அட்டை. ஒரு ஜூல் ஆற்றலுக்குச் சுமார் 350 தேடல்களுக்குப் பதில் தந்தது. சுழலும் வட்டை நம்பிய அமைப்பைவிட இது நூறு மடங்கு அளவுக்கு மேல்.

சூட்சுமம் நினைவகச் சிக்கனத்தில் இருக்கிறது. 4 ஜிபி அட்டையில் 256 பைட் பதிவுகளை அடுக்கினால் ஏறத்தாழ 1.6 கோடி பதிவுகள் வரும். ஒவ்வொரு பதிவுக்கும் அதைத் தேட உதவும் அடையாள எண்ணான 160 பிட் சாவி முழுவதையும், அது அட்டையில் இருக்கும் இடத்தையும் நினைவகத்தில் வைத்தால் பதிவுக்கு 24 பைட். மொத்தம் சுமார் 384 எம்பி. இருப்பதோ 256. எனவே சாவியின் 15 பிட்டை மட்டும் வைத்தார்கள். அந்தப் பதிவு செல்லுமா செல்லாதா என்பதற்கு ஒரு பிட், இடத்தைச் சொல்ல நான்கு பைட். ஆக ஆறே பைட். 100 எம்பிக்குள் அடங்கிவிடும். 15 பிட் தற்செயலாக ஒத்துப்போய்விட்டால்? 32,768-இல் ஒரு முறை அப்படி நடக்கும். அட்டையிலுள்ள முழுச் சாவியைப் பார்த்ததும் தவறு தெரிந்துவிடும். நட்டம் ஒரு வீண் வாசிப்பு மட்டுமே. மிக அழகான பேரம் இது.

எழுதுவது எப்போதும் அட்டையின் கடைசியில் மட்டும். நடுவில் அங்கங்கே எழுதினால் ஃபிளாஷ் அட்டை மிகவும் மெதுவாகிவிடும். இதன் விலை, பழைய பதிவுகள் குப்பையாகச் சேர்வது. அவ்வப்போது கூட்டிப் பெருக்கவேண்டும். மின்சாரம் போனால் நினைவகத்தில் இருந்த அட்டவணையும் போய்விடும், அட்டையை வாசித்து மறுபடி கட்டவேண்டும். கணக்குப் போடும் வேலை கனமாக இருந்தால் இந்த உத்தி உதவாது. சிறு பதிவுகளைத் தேடித் தருவதற்கே இது உகந்தது.

கே: எங்கள் கல்லூரி ஒரு மலை விடுதியில் 300 பேருக்கு மாநாடு நடத்துகிறது. வைஃபை படுத்துவிடும் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். என்ன செய்யலாம்? (பேராசிரியர், மதுரை)

ப: பயம் சரியானது. விடுதியின் வலை, அறைக்கு இருவர் என்று போட்ட கணக்கு. உங்கள் 300 பேரும் மடிக்கணினி, போன் என்று 600 கருவிகளோடு ஒரே அரங்கில் உட்காருவார்கள்.

முதலில் தீர்ந்துபோவது ஐபி முகவரி, அதாவது வலையில் ஒவ்வொரு கருவிக்கும் தரப்படும் எண். வழக்கமான அமைப்பில் 254 முகவரிகளே உண்டு. ஒருமுறை கொடுத்ததை 24 மணி நேரம் திரும்ப வாங்காத அமைப்பாக இருந்தால், முதல் தேநீர் இடைவேளைக்குள் கையிருப்பு காலி. அடையாளம் எளிது: சிக்னல் முழுதாகக் காட்டும், ஆனால் கணினியின் முகவரி 169.254 என்று தொடங்கும். முகவரித் தொகுதியை 1,022 ஆகப் பெருக்கச் சொல்லுங்கள். கெடுவை ஒரு மணி நேரமாகக் குறைக்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை, ஆனால் முன்னாலேயே செய்யவேண்டும்.

இரண்டாவது, காற்றலை நெரிசல். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றுதான். எனவே வைஃபை சிக்னல் தரும் ஆக்சஸ் பாயின்ட்டுகளை அள்ளி மாட்டினால் நிலைமை மோசமாகும். ஒன்று பேசும்போது மற்றவை வாய்மூடி நிற்கும். 5 கிகாஹெர்ட்ஸில் 20 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனல்களாக வையுங்கள். ஒரு ரேடியோவுக்கு 50 கருவி என்று வைத்தால் 12 ரேடியோ போதும். அவற்றின் சக்தியைக் குறைத்து, 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 2 மெகாபிட் வேகங்களை அணைத்துவிடுங்கள். மூலையில் இருக்கும் ஒரே போன் அந்த மெதுவான வேகத்தில் பேசி, அரங்கின் நேரத்தையெல்லாம் தின்றுவிடும்.

செயல்விளக்கம் காட்டுபவர்களுக்கு வைஃபை வேண்டவே வேண்டாம். மேடையில் ஒரு சுவிட்ச், கேபிள். கூடவே பதிவுசெய்த காணொளி ஒன்று.

கே: பிக் ஸ்கை போன்ற உயரத்தில் கட்டுரை வாசிக்க வாய்ப்பு வந்தால் உடம்புக்கு என்ன கவனிக்கவேண்டும்? (ஆய்வு மாணவர், யாழ்ப்பாணம்)

ப: அந்த விடுதி சுமார் 2,300 மீட்டரில் இருக்கிறது. காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்குதான். முதல் இரவு தூக்கம் அடிக்கடி கலையும், லேசாகத் தலை வலிக்கலாம். ஒரு நாள் முன்னதாகப் போய்ச் சேருங்கள். வழக்கத்தைவிட ஒரு லிட்டர் தண்ணீர் கூடக் குடியுங்கள், வரவேற்பு விருந்தில் மதுவைத் தவிருங்கள். மூச்சு சீக்கிரம் வாங்கும் என்பதால் 20 நிமிட உரையை ஊரில் 17 நிமிடத்துக்கு ஒத்திகை பாருங்கள். வாந்தியோ தள்ளாட்டமோ வந்தால் உரையை இணை ஆசிரியரிடம் கொடுத்துவிட்டு உடனே கீழே இறங்கி மருத்துவரைப் பாருங்கள்.