சமூகப் பணியில் கேஸ் விவரங்களைக் கணினியில் ஏற்றுவதால் உண்மையிலேயே பயன் உண்டா? சிறிய தொண்டு நிறுவனம் எதில் தொடங்கலாம்?

பயன் உண்டு. ஆனால் மென்பொருள் விற்க டெமோ காட்ட வருகிறவர் சொல்லும் பயன் அல்ல. அவர் கலர் கலராக வரைபடம் காட்டுவார். அது நன்கொடையாளருக்கு ஆகும், பிள்ளைக்கு ஆகாது.

தென்மாவட்டம் ஒன்றில் குழந்தைகளுக்கான சிறு தொண்டு நிறுவனத்தில் ஒன்பது வருடம் களப்பணியாளராக இருந்தேன். முதல் நான்கு வருடம் எல்லாம் பீரோவில் நாடா கட்டிய ஃபைல்கள்தான். அப்போது உடன் வேலை பார்த்த ஒரு அக்கா வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். அவருடைய கேஸ்கள் என் தலையில். ஒரு சிறுமியின் ஃபைலைத் திறந்தால், "வீட்டுக்குச் சென்றேன், பேசினேன்" என்று நாலு தேதிகளில் நாலு வரி. சரி, நானே கேட்கலாம் என்று போய் உட்கார்ந்தேன். "அந்த அக்காட்ட எல்லாம் சொல்லிட்டேனே, திரும்ப எதுக்கு?" என்றாள். அதற்குமேல் மூன்று வாரம் வாயே திறக்கவில்லை.

மென்பொருள் வேண்டும் என்று நான் நினைத்தது அன்றுதான். பார்த்தது, கேட்டது, அடுத்து செய்ய வேண்டியது மூன்றையும் அன்று சாயங்காலமே ஏற்றிவிட்டால், ஆள் மாறினாலும் பிள்ளை தன் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது, தேதி. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி, மீட்கப்பட்ட குழந்தையைப் பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும் (பிள்ளையை எங்கே, யாரிடம் விடுவது என்று முடிவெடுக்கும் மாவட்டக் குழு அது). பிள்ளையின் வீடு, பின்னணி பற்றிய சமூக விசாரணை அறிக்கையைக் குழு கேட்டால், 15 நாளில் தர வேண்டும். இறுதி உத்தரவு நான்கு மாதத்துக்குள் வர வேண்டும். கையில் நாற்பது கேஸ் இருக்கும்போது, பீரோவில் கிடக்கும் ஃபைல் "நாளையோடு கெடு முடிகிறது" என்று கூப்பிட்டுச் சொல்லாது. நாங்கள் தொடங்கியது சாதாரண எக்செல்லில்தான். "அடுத்து என்ன, யார், எந்தத் தேதிக்குள்" என்று மூன்று பத்திகள். பாதிப் பிரச்சினை அதிலேயே தீர்ந்தது.

பிறகு ஒரு மென்பொருள் வாங்கினோம். தொல்லையும் வந்தது. நம் பிள்ளைகளுக்கு இனிஷியல்தான் உண்டு, அது 'குடும்பப் பெயர்' கேட்டது. கவிதாவை ஒருவர் ஆங்கிலத்தில் 'எச்' போட்டும் இன்னொருவர் போடாமலும் ஏற்ற, ஒரே பிள்ளைக்கு இரண்டு கேஸ் எண். வீட்டை விட்டு வந்த காரணத்துக்கு ஒரு பட்டியல் உண்டு, அதில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். அப்பாவின் குடி, பரீட்சையில் தோல்வி, அண்ணனின் அடி மூன்றும் சேர்ந்து கிளம்பி வந்தவனை எதில் போடுவது? எல்லாரும் 'மற்றவை'யை அமுக்கினோம். இது நம் ஊர்க் குறை மட்டுமில்லை. இங்கிலாந்தில் குழந்தைப் பாதுகாப்பு முறையை ஆராய்ந்த எய்லீன் மன்ரோ 2011இல் அரசுக்குத் தந்த அறிக்கையிலும், படிவங்களும் கணினியும் பணியாளரின் நேரத்தைத் தின்பதைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்.

ரகசியம் இன்னொரு தலைவலி. குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் வெளியே போனால் அதே சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். எங்கள் அலுவலகத்தில் பாஸ்வேர்டு மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருந்தது! ஆளுக்கொரு கணக்கு, யார் எதைத் திறந்தார் என்ற பதிவு, இரண்டும் இல்லாத மென்பொருளைத் தொடாதீர்கள். கேஸ் விவரத்தை வாட்ஸப் குழுவில் போடும் பழக்கத்தையும் அன்றே நிறுத்துங்கள்.

எதை எடுப்பது? யுனிசெஃப் ஆதரவில் உருவான பிரிமெரோ திறந்த மூல மென்பொருள் (யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம்), குழந்தைப் பாதுகாப்புக்கென்றே அமைந்தது. ஆனால் சர்வரைப் பராமரிக்க ஆள் வேண்டும். போனிலேயே படிவம் நிரப்ப உதவும் கோபோ டூல்பாக்ஸ் சிக்னல் இல்லாத ஊரிலும் ஓடும். கணக்கெடுப்புக்கு அருமை, ஒரு கேஸை மாதக்கணக்கில் பின்தொடரத் தோதில்லை. மூன்று நான்கு பேர் கொண்ட நிறுவனம் என்றால், பாஸ்வேர்டு போட்ட எக்செல்லில் ஆறு மாதம் ஓட்டிப் பாருங்கள். எந்தப் பத்தியை ஒருவரும் நிரப்பவில்லை என்று அதற்குள் தெரிந்துவிடும். காசு கொடுத்து வாங்குமுன், முடிந்துபோன பத்து கேஸ்களைப் பெயர் மாற்றி அதில் ஏற்றிப் பாருங்கள்.

ஒன்று விட்டுப்போச்சு. டேப்லெட் வந்த புதிதில், வீட்டுக்குப் போன இடத்திலேயே தட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பையன் எட்டிப் பார்த்து, "என்னக்கா, ஸ்டேஷன்ல எழுதுற மாதிரி எழுதுறீங்க?" என்றான். அதன்பிறகு அது பைக்குள்ளேயே இருக்கும். திரும்பும் பஸ்ஸில்தான் எடுப்பேன்.