180 வெள்ளிக்கு மரத்தட்டு வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் ஐயா. சுங்கை சிப்புட்டில் செம்பனை ஆலையில் வேலை. சம்பளம் 2,100 வெள்ளி. கட்டான், டிக்கெட் டு ரைட் என்று இரண்டு போர்டு கேம்களைப் பழையதாக வாங்கி வைத்திருக்கிறேன். சனிக்கிழமை மாலையில் எங்கள் தாமான் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் விளையாட வருவார்கள். கட்டையும் அட்டையும் கலந்து கிடப்பதால் பிரித்து அடுக்கவே அரை மணி நேரம் ஆகிறது. கட்டையையும் அட்டையையும் பிரித்து வைக்கக் கட்டானுக்கென்றே செய்த மரத்தட்டு இணையத்தில் 180 வெள்ளி. மூன்று தவணையில் கட்டலாம். மகள் ஜனவரியில் முதலாம் ஆண்டு போகிறாள், இப்போது வேண்டாம் என்கிறார் மனைவி. வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம், தம்பி. உங்கள் மனைவி சொல்வது சரி. ஆனால் நீங்கள் கேட்பதும் வீண் ஆசை இல்லை. பிள்ளைகள் வாரம் ஒருமுறை கூடி உட்கார ஓர் இடம் இருக்கிறது. நாலு கட்டை தொலைந்தால் அது நின்றுபோகும். அதை 30 வெள்ளிக்குள் காப்பாற்றிவிடலாம்.

2,100ஐ 26 நாளுக்கு வகுத்தால் நாளுக்கு 80 வெள்ளி சொச்சம். ஊழியர் சேமநிதிக்கு (இபிஎப்) 11 விழுக்காடு போனால் கையில் 72தான். ஆக அந்தத் தட்டு இரண்டரை நாள் உழைப்பு. தவணை என்றதும் மாதம் 60தானே என்று தோன்றும். சீருடை, காலணி, புத்தகப்பை வாங்குகிற மாதத்தில் அந்த 60 வந்து நிற்கும்போதுதான் வலிக்கும்.

இனி பெட்டியைத் திறங்கள். கட்டானில் ஒவ்வொரு நிறத்துக்கும் 5 வீடு, 4 நகரம், 15 சாலை, மொத்தம் 24 கட்டை. நாலு நிறத்துக்கு நாலு சின்ன ஜிப் பை போதும். விளையாட உட்காரும்போது ஆளுக்கொரு பையைக் கொடுத்துவிட்டால் உங்கள் அரை மணி நேரத்தில் பாதி அங்கேயே மிச்சம். டிக்கெட் டு ரைட்டிலும் அப்படித்தான், நிறத்துக்கு 45 ரயில். பை மட்டும் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும்.

அட்டைகளுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. கட்டான் அட்டை ஏறக்குறைய 5.4க்கு 8 சென்டிமீட்டர். நம் ஊர் நேம் கார்டு 5.4க்கு 9. அதனால் அச்சகத்தில் நேம் கார்டு போட்டுத் தரும் பிளாஸ்டிக் பெட்டியில் அது அளவாக உட்காரும். 95 வளஅட்டைகளையும் 25 வளர்ச்சி அட்டைகளையும் இரண்டு பெட்டியில் அடக்கிவிடலாம். பட்டணத்து அச்சகத்தில் காலிப் பெட்டி கேளுங்கள், பெரும்பாலும் சில்லறைக் காசுக்கே கிடைக்கும். எண் போட்ட வட்ட வில்லைகளுக்கு ஹார்ட்வேர் கடையில் ஆணி, திருகாணி போடும் அறைப்பெட்டி ஒன்று. தூண்டில் சாமான் கடையிலும் அதே மாதிரி விற்பார்கள். அதில் தடுப்பைக் கழற்றி மாற்றலாம் என்பதால் எனக்கு அதுதான் பிடிக்கும்.

ஆனால் டப்பா வாங்கப் போகிற இடத்தில்தான் பலருக்குப் பணம் கசிகிறது. விலை மலிவு என்று ஏழெட்டை அள்ளி வந்தால், வீட்டில் விளையாட்டுப் பெட்டியின் மூடி மூடாது. நானும் அப்படி வாங்கி, அவை அடுப்படியில் கடுகும் மிளகும் போடத்தான் உதவின. கட்டான் பெட்டி ஏறக்குறைய 7 சென்டிமீட்டர் உயரம். உள்ளே நில அட்டைகளும் சட்டமும் இடம் பிடிக்கும். முதலில் மிச்ச இடத்தை அளந்து, மைலோ பெட்டி அட்டையை அந்த அளவுக்கு வெட்டிக் கடைக்குக் கொண்டுபோங்கள். அட்டைகளுக்குப் பிளாஸ்டிக் உறை போடும் எண்ணம் இருந்தால் அதை முன்பே முடிவு செய்யுங்கள். உறை போட்டால் அட்டைக்கட்டு பருக்கும், நேம் கார்டு பெட்டி பற்றாது.

ரப்பர் வளையம் மட்டும் வேண்டாம். பால்மரக் காட்டில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, நம் வெயிலுக்கு அது இளகி அட்டையில் ஒட்டிக்கொள்ளும். பிஸ்கட் பொட்டலத்தில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்களைச் சேர்த்து, பெட்டிக்கு இரண்டாகப் போடுங்கள். மழைநாளில் ஈரக் கையோடு விளையாடிய அட்டைகளை அன்றே மூடி வைக்காதீர்கள்.

மிச்சம் 150 வெள்ளி. அதை இன்றே மகளின் பள்ளிச் செலவுக்கென்று தனியாக எடுத்து மனைவி கையில் கொடுங்கள். பிறகு மூடியின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டி, எந்தப் பையில் எத்தனை என்று பெரிய எழுத்தில் எழுதுங்கள். விளையாட்டு முடிந்ததும் எண்ணிப் போடும் வேலையை மகளிடம் விடுங்கள். முதலாம் ஆண்டு போகிற பிள்ளைக்கு 24 வரை எண்ண வரும்.