ஏற்காடு ஏறிப் பழகினால் 6,000 மீட்டர் பனிமலையில் சறுக்குப் பயணம் போக உடம்பு தயாராகிவிடுமா?

கால் தயாராகும், மூச்சு தயாராகாது. உயரத்துக்குப் பழகுவது என்றால், குறைந்த ஆக்சிஜனுக்கு ஏற்ப மூச்சும் ரத்தமும் மாறுவது. பஞ்சு மூட்டைகளை அடுக்கினால் அடிமூட்டை இறுகியும் மேல்மூட்டை தளர்ந்தும் இருக்குமே, காற்றும் அப்படித்தான். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர்தான். 5,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதி.

அதனால் திட்டத்தில் முதலில் நாட்களை ஒதுக்குங்கள். 3,000 மீட்டருக்கு மேலே, தூங்கும் இடத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாதீர்கள். மூன்று நான்கு நாளுக்கொருமுறை ஓய்வு. பகலில் சறுக்குப் பலகையின் அடியில் பிடிப்புப் பட்டை ஒட்டி ஏறி, உச்சியில் அதை உரித்துவிட்டுச் சறுக்கி, கீழ் முகாமில் தூங்கலாம். நடை தள்ளாடினாலோ, சும்மா இருக்கும்போதே மூச்சிரைத்தாலோ விடியும்வரை காத்திருக்காமல் இறங்கிவிடுங்கள்.

உடல்வலு இருந்தால் மலைநோய், அதாவது உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் நோய், வராது என்பது தவறு. வேகமாக ஏறிவிடுவதால் வலுவானவர்களுக்கும் வருகிறது.